துறைமுகம் இல்லாத துறைமுகக் கோட்டைகள்

திருப்பதி மாவட்டத்துக் கடற்கரையில், வாகாடு மண்டலத்தில், துர்கராஜபட்டினம் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. 2022 ஏப்ரலில் மாவட்டங்களைப் பிரித்தபோது நெல்லூரிலிருந்து இந்தப் பக்கம் வந்து சேர்ந்த பகுதி அது. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி சோழமண்டலக் கரையில் முதன்முதலாகப் பீரங்கி வைத்துக் காவல் போட்டது இங்கேதான், 1626 வாக்கில். கம்பெனிக் காகிதங்களில் இதற்கு ஆர்மகான் என்று பெயர். 1628இல் அங்கே இருந்தவை 12 பீரங்கிகள். வியாபாரிகளும் சிப்பாய்களுமாக ஆட்கள் 23 பேர். கடலுக்குள் கொஞ்ச தூரத்தில் நீளமாகக் கிடக்கும் மணல்திட்டு அலையின் வேகத்தை வாங்கிக்கொள்வதால், அதற்கும் கரைக்கும் இடையே கப்பல் ஓரளவு நிம்மதியாக நங்கூரம் போட்டு நிற்கலாம். இந்தக் கரையில் அப்படி ஓர் இடம் கிடைப்பது அரிது. பின்னாளில் அது பிளாக்வுட் துறைமுகம் என்று கடல் வரைபடத்தில் ஏறியது. 2014இன் ஆந்திரப் பிரிவினைச் சட்டமும் புதிய பெருந்துறைமுகத்துக்கு இதே ஊரைத்தான் குறித்தது. பக்கத்தில் ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் தளமும் பழவேற்காடு ஏரியின் பறவைகள் சரணாலயமும் இருக்க, அந்தத் திட்டம் எழும்பவில்லை. இவ்வளவு வாகான இடத்தை 1640இல் கம்பெனி கைவிட்டது. விட்டுவிட்டு எங்கே போனது? கப்பல் ஒதுங்க ஒரு வளைவுகூட இல்லாத மதராஸ்பட்டினத்து மணலுக்கு.

ஆர்மகானில் பொறுப்பில் இருந்த பிரான்சிஸ் டே 1639இல் தெற்கே போய்ப் பார்த்தபோது அவர் கண்ணில் பட்டது கடல் அல்ல, துணி. கைத்தறித் துணி அங்கே மலிவாகவும் தரமாகவும் கிடைத்தது. சந்திரகிரியில் ஒடுங்கிப்போயிருந்த விஜயநகர அரசின் கீழ் அந்தப் பகுதியை ஆண்ட தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர், கோட்டைக்கு இடமும் சுங்கத்தில் பாதியும் தருவதாகச் சொன்னார். கோட்டையையே கட்டித் தருவார் என்றும் பேச்சு இருந்தது. அந்தச் செலவு கடைசியில் கம்பெனியின் தலையில்தான் விழுந்தது. 1645இல் விஜயநகர அரசர் ஸ்ரீரங்கராயர் அந்த உரிமையை உறுதி செய்தார். ஆக, செயின்ட் ஜார்ஜ் கோட்டை எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானித்தது அலையும் ஆழமும் அல்ல. சந்திரகிரியின் அதிகாரமும் உள்நாட்டு நெசவாளரின் தறியும்தான். இந்தக் கரையின் கோட்டைகளைத் துறைமுகக் காவல் என்று சொல்வது பழக்கம். அவை கிடங்குக் காவல் என்பதே சரி. கடலைப் பார்த்த பீரங்கி அவற்றின் உடம்பில் மிகக் குறைவாக வேலை செய்த உறுப்பு.

மதராஸில் கப்பல் கரைக்கு வராது. ஒரு மைல், சில சமயம் அதற்கும் அப்பால் நிற்கும். சரக்கும் ஆளும் மசூலாப் படகில்தான் கரை சேர வேண்டும். ஆணி அடித்த படகு அந்த அலை உடையும் இடத்தில் பிளந்துவிடும் என்பதால், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டிய படகு அது. அலை மோதினால் நெளிந்து கொடுக்கும். கோட்டை மதிலில் இருந்த பீரங்கி வெடித்தால் குண்டு ஒரு மைல் போய் விழலாம், ஆனால் அந்தத் தூரத்தில் குறி நிற்காது. எதிரிக் கப்பல் கிட்டே வந்தால்தான் அதற்கு வேலை. எதிரிக்கோ, அந்த அலைக்குள் வரவேண்டிய தேவையே இல்லை. 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக் கப்பற்படைத் தலைவர் லா பூர்தொன்னே வந்தபோது தெற்கே படையை இறக்கி, நிலத்தில் மார்ட்டர்களை நிறுத்தினார். குண்டு விழத் தொடங்கிய சில நாட்களில் கோட்டை சரணடைந்தது. அதற்கு முன்பே ஆட்டம் கடலில் முடிந்திருந்தது: பெய்ட்டனின் ஆங்கிலக் கப்பற்படை நாகப்பட்டினத்துக்கு அருகே வெற்றி தோல்வி தெரியாத ஒரு சண்டை போட்டுவிட்டு வங்காளத்துக்குப் போய்விட்டது. வேடிக்கை என்னவென்றால், வென்ற பிரெஞ்சுக் கப்பல்களுக்கு மதராஸ் கடலில் நேர்ந்த பெரிய சேதம் அடுத்த மாதம் அடித்த புயலால்தான். ஐப்பசிப் புயல் செய்த காவலை எந்தப் பீரங்கியும் செய்யவில்லை.

1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து முற்றுகையிட்டபோது கோட்டை விழவில்லை. அதைக் காட்டி என் வாதத்தை மறுக்கலாம். ஆனால் லாலியின் தாக்குதல் முழுவதும் வடக்கே கறுப்பர் நகரப் பக்கத்து நிலத்திலிருந்து வந்தது. பிரெஞ்சுக் கப்பற்படை மொரீஷியஸுக்குப் போய்விட்டதால் கடல் பக்கம் திறந்தே கிடந்தது. 1759 பிப்ரவரி 16 அன்று ஆங்கிலக் கப்பல்கள் வந்து நின்றன. மறுநாள் லாலி கிளம்பிவிட்டார். உள்ளே இருந்தவர்கள் உயிரைக் கொடுத்துத் தாக்குப்பிடித்தது உண்மை. ஆனால் அவர்கள் தாக்குப்பிடித்தது கப்பல் வரும் வரைக்கும்.

இதைவிடக் கனமான மறுப்பு விசாகப்பட்டினத்திலிருந்து வருகிறது. 1804 செப்டம்பர் 15 அன்று லினுவா என்ற பிரெஞ்சு அட்மிரல் அங்கே நங்கூரமிட்டிருந்த செஞ்சூரியன் போர்க்கப்பலைத் தாக்கினார். கரையிலிருந்த சிறு பீரங்கி மேடையும் கப்பலும் சேர்ந்து சுட்டன. செஞ்சூரியன் பிழைத்தது, லினுவா விலகினார். கரைப் பீரங்கி உதவியது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அது கப்பலோடு சேர்ந்தபோதுதான் உதவியது. அன்று கூட இருந்த வணிகக் கப்பல்களில் பிரின்சஸ் சார்லட் பிடிபட்டது, பர்னபி கரைதட்டிப் போனது. வியாபாரத்தைக் காப்பதற்காகவே வைத்த மேடையால் வியாபாரக் கப்பலைக் காக்க முடியவில்லை.

சோழமண்டலக் கரையில் துறைமுகமே இல்லாததால்தான் இப்படி. உண்மையான துறைமுகம் இருந்தால் கதை வேறு என்று இன்னொருவர் சொல்லலாம். சொல்ல வேண்டிய மறுப்புதான். திருகோணமலையைப் பார்ப்போம். உலகின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று; வாய்க்குக் காவலாக ஒஸ்டன்பர்க் கோட்டை, நகரத்துக்கு மேலே கோணேசர் மலையில் பின்னாளில் பிரெடரிக் கோட்டை என்று பெயர் பெற்ற கோட்டை. 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் படையை இறக்கி டச்சுக்காரர்களிடமிருந்து பிடித்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் கடைசியில் பிரெஞ்சு அட்மிரல் சுஃப்ரான் படையை இறக்கிப் பிடித்தார். ஆங்கிலக் கப்பற்படை இரண்டே நாள் தாமதமாக வந்து சேர்ந்தது. 1795 ஆகஸ்டில் மறுபடி ஆங்கிலேயர், மறுபடி நிலவழியாக. மூன்று முறையும் துறைமுக வாயைப் பார்த்த பீரங்கி தீர்ப்பு எழுதவில்லை. துறைமுக வாய் பலமாக இருந்ததால்தானே எதிரி சுற்றிக்கொண்டு நிலவழியாக வந்தான், அதுவே பீரங்கியின் வெற்றி இல்லையா என்று கேட்டால், திருகோணமலைக்கு அது பாதி பொருந்தும். ஆனால் முதுகைக் காக்கப் படை இல்லாமல் முகத்துக்கு மட்டும் பீரங்கி வாங்கியவன் எதிரிக்கு வழி காட்டியவன் ஆகிறான். மதராஸுக்கோ அந்தப் பாதியும் பொருந்தாது.

கடற்கரைக் கோட்டைகளில் அமெரிக்கர்களைப் போலப் பணம் கொட்டியவர்கள் குறைவு. அங்கேயும் இதே கோலம். உள்நாட்டுப் போரின்போது, 1861இல் சம்டர் கோட்டையை வீழ்த்தியது அதைச் சுற்றியிருந்த கரையிலேயே அமைத்த பீரங்கிகள். 1862 ஏப்ரலில் ஜார்ஜியாவின் புலாஸ்கி கோட்டையின் செங்கல் மதிலை எதிர்த்தீவில் நிறுத்திய புரிக்குழல் பீரங்கிகள் இரண்டே நாளில் உடைத்தன. 1886க்குப் பின் புதிய கான்கிரீட் மேடைகளும், சுட்டுவிட்டுத் தாழ இறங்கி மறைந்துகொள்ளும் பீரங்கிகளும் வந்தன. பிலிப்பைன்ஸில் அவர்களின் பெருமையான கோரெகிடோர் தீவுக்கோட்டை 1942 மே 6இல் ஜப்பானியரிடம் போனது; அதன் மேடைகளை முதலில் நொறுக்கியவை எதிரே பத்தான் நிலப்பகுதியிலிருந்து சுட்ட பீரங்கிகளும் விமானங்களும். அதே ஆண்டு ஜூனில் ஒரிகன் கரையின் ஸ்டீவன்ஸ் கோட்டையை ஒரு ஜப்பானிய நீர்மூழ்கி சுட்டபோது, இருக்கும் இடம் தெரிந்துவிடும் என்று கோட்டை பதிலுக்குச் சுடவே இல்லை. 1950இல் அமெரிக்கா தன் கடற்கரைப் பீரங்கிப் படைப்பிரிவையே கலைத்துவிட்டது.

நம் கரையில் இந்தக் கணக்கை ஆங்கிலேயர் முன்பே புரிந்துகொண்டார்கள் என்பதற்குப் பழவேற்காடு சாட்சி. டச்சுக்காரர்கள் 1613இல் கட்டிய கெல்ட்ரியா கோட்டை 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களின் தலைமையிடம். வெடிமருந்துச் சாலைகூட அங்கே இருந்தது. அது ஆங்கிலேயர் கைக்கு வந்தபோது அவர்கள் பீரங்கியை மாற்றி வைத்துக்கொண்டு உட்காரவில்லை; 1806இல் இடித்துத் தள்ளினார்கள். கடல் தங்கள் கையில் இருக்கும் வரை கரையில் கோட்டை வேண்டாம். கடல் கைமாறினால் அந்தக் கோட்டை மாற்றான் கைக்குப் போகும்.

1914 செப்டம்பர் 22 இரவு மதராஸுக்கு முன்னால் வந்து நின்ற ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன், பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகளை எரித்துவிட்டுச் சுமார் 130 குண்டுகளோடு வேலையை முடித்துக்கொண்டது. கரைப் பீரங்கிகள் பதிலுக்குச் சில குண்டுகள் சுட்டன, ஒன்றும் படவில்லை. நகரத்து விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன, பீரங்கிக்காரர்கள் அசந்திருந்தார்கள், குறை ஆட்களுடையது, பீரங்கியினுடையது அல்ல என்று வாதிடலாம். இருக்கட்டும். ஆனால் எப்போது, எந்த ஊருக்கு முன்னால், எவ்வளவு நேரம் என்பதைத் தேர்ந்தெடுக்கும் வசதி கப்பலுக்கு உண்டு, கரைக்கு இல்லை. வருஷக்கணக்கில் ஒவ்வோர் இரவும் விழித்திருக்கும் செலவை எந்தக் கஜானாவும் ஏற்காது. எம்டனின் கேப்டன் முல்லர் அங்கே நெடுநேரம் தங்கவில்லை. அந்தக் கப்பலை நிறுத்தியது, நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளுக்கு அருகே அதைவிடப் பெரிய பீரங்கிகளோடு வந்த சிட்னி என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பல்.