மூங்கிலின் உட்புழை: சகுஹாச்சிக் குழலும் அதன் திருத்தங்களும்

இசைக்கருவி ஒன்றின் வரலாற்றை, அதனை வாசித்த கலைஞர்களைக் கொண்டு எழுதுவதே பெருவழக்கு. கருவியைச் செய்த கைகளைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. ஜப்பானியரின் சகுஹாச்சி என்னும் மூங்கிற்குழலைப் பொறுத்தவரை அவ்வழக்கு நம்மைப் பாதி வழியிலேயே நிறுத்திவிடும். அக்குழலின் வரலாற்றில் பெரும்பகுதி அதன் உட்புழையில்தான் பதிந்திருக்கிறது. அதனை ஈண்டுச் சற்றே விரிவாகக் காண்போம்.

முதலில் பெயர். 'சகு' என்பது ஏறத்தாழ 30.3 சென்டிமீட்டர் கொண்ட பழைய நீட்டலளவை. 'ஹாச்சி' என்றால் எட்டு. ஒரு சகுவும் எட்டு 'சுன்'னும் (பத்துச் சுன் ஒரு சகு) சேர்ந்த நீளம், அதாவது சுமார் 54.5 சென்டிமீட்டர், இக்குழலின் பொது அளவு. அளவே பெயராயிற்று. நம் புல்லாங்குழலைப் போல் இதனைக் கிடையாகப் பிடித்து ஊதுவதில்லை. நிமிர்த்திப் பிடித்து, சாய்வாகச் செதுக்கிய மேல்விளிம்பில் மூச்சைச் செலுத்துவர்.

நாரா நகரின் ஷோசோஇன் கருவூலத்தில் எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த எட்டுக் குழல்கள் இன்றும் உள்ளன. அவற்றில் ஆறு துளைகள். மூங்கிலில் மட்டுமன்றிக் கல்லிலும் தந்தத்திலும் செய்தவை உண்டு. வியப்பு யாதெனில், கல்லிலும் தந்தத்திலும் செய்தவற்றில்கூட மூங்கிலின் கணுக்களைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். பொருள் மாறினும் மூங்கிலின் உருவத்தை விட அவர்களுக்கு மனம் வரவில்லை போலும்!

இன்று நாம் அறியும் ஐந்துதுளைக் குழல் எடோ காலத்தில் (1603-1868) உருப்பெற்றது. ஃபுகே என்னும் ஜென் பிரிவைச் சார்ந்த கொமுஸோ துறவிகள், முகம் முழுதும் மறைக்கும் கூடைத் தொப்பி அணிந்து, இக்குழலை ஊதி இரந்துண்டனர். அவர்களுள் பலர் தலைவனை இழந்த சாமுராய்கள். குழலை அவர்கள் இசைக்கருவி என்று கொள்ளவில்லை. தியானத்திற்குரிய கருவி என்றே கொண்டனர். தம் உரிமைகளுக்குச் சான்றாக 1614ஆம் ஆண்டின் அரசாணை ஒன்றையும் காட்டினர். அது பிற்காலத்தில் புனையப்பட்டது என்பது ஆய்வாளர் துணிபு.

அவர்களது குழல் செய்யப்பட்ட முறை நோக்கத்தக்கது. மதாகே என்னும் மூங்கிலைக் குளிர்காலத்தில் வேரோடு அகழ்ந்தெடுப்பர். தணலில் வாட்டினால் எண்ணெய் கசியும். அதைத் துடைத்து, வெயிலில் வெளிறவிட்டு, ஆண்டுக்கணக்கில் உலர வைப்பர். வேர்ப்பகுதி குழலின் அடிமுனையாகும். உட்கணுக்களின் தடுப்பை உடைத்து அராவுவர். ஆயினும் முற்றாக மழிப்பதில்லை. சிறு விளிம்பு எஞ்சி நிற்கும். மூங்கில் எவ்வாறு வளர்ந்ததோ அவ்வாறே உட்புழையும் இருக்கும். ஆதலால் ஒரு குழலின் ஒலி மற்றொன்றுக்கு வாராது. ஒரு சுரம் ஓங்கும், ஒன்று மங்கும். துறவிக்கு அது குறையன்று. தனியே ஊதுபவனுக்கு யாரோடு சுருதி சேர வேண்டும்?

1871இல் மெய்ஜி அரசு ஃபுகே பிரிவை ஒழித்தது. துறவிகள் இல்லையெனில் குழலும் இல்லை என்னும் நிலை. அவ்வேளையில் அராகி கோதோ போன்றோர், இதனைப் பொது இசைக்கருவியாக வாழவிட வேண்டும் என்று முயன்று வென்றனர். அதன்பின் குழலின் வாழ்வு கோதோ, ஷாமிசென் ஆகிய நரம்புக்கருவிகளோடு சேர்ந்திசைப்பதையே பெரிதும் சார்ந்தது. 1896இல் நகாவோ தோசான் ஒசாகாவில் நிறுவிய பள்ளி, மேலைச் சுரமுறையையும் தழுவிப் புதிய இசையைப் பரப்பியது.

சேர்ந்திசைக்கச் சுருதி வேண்டும். சுருதிக்கு உட்புழை ஒழுங்காக வேண்டும். இங்கேதான் 'ஜி' வருகிறது. அரைத்த கல்தூளையோ ஜிப்சத்தையோ உருஷி மரத்தின் பாலோடு குழைத்த பசை அது. கணுக்களை முற்றிலும் அராவி, இப்பசையை உள்ளே பூசி, உலர்ந்தபின் தேய்த்து, வேண்டிய வடிவுக்குப் புழையைக் கொண்டுவருவர். நனைத்த சிறு காகிதத் துண்டை உள்ளே ஒட்டி ஊதிப் பார்த்து, ஒலி திருந்தும் இடத்தைக் கண்டபின் அங்கே ஜி வைப்பதும் உண்டு. ஒரு காகிதத் துண்டின் தடிமன் ஒரு சுரத்தை மாற்றவல்லது! உள்ளே கருவிகொண்டு வேலை செய்ய எளிதாகும் பொருட்டும், எடுத்துச் செல்லும் பொருட்டும், குழலை நடுவில் இரண்டாக்கி மூட்டும் வைத்தனர். பூச்சற்ற பழைய வகைக்கு ஜிநாஷி என்றும், பூச்சுடையதற்கு ஜிஆரி என்றும் பெயராயிற்று.

திருத்தம் அத்தோடு நிற்கவில்லை. ஐந்து துளைகளிலேயே விரலைப் பாதி மூடியும் தலையைச் சாய்த்தும் இடைச்சுரங்களைப் பிறப்பிப்பது மரபு. அது கடினம் என்று ஏழு துளை இட்டோர் உண்டு. 1930களில் ஓகுரா கிஷிசிரோ என்பார் உலோகக் குழாயில் மேலைநாட்டுக் குழலின் சாவிகளைப் பொருத்தி 'ஓக்ரௌலோ' என ஒன்றை ஆக்கினார். அது நிலைபெறவில்லை.

புதிய குழலை எவ்வாறு செய்யினும் நமக்கு மறுப்பில்லை. நம்மைச் சிந்திக்க வைப்பது பழைய குழல்களின் கதி. எடோ காலக் குழல்கள் சிலவற்றிலும் பிற்காலத்தார் ஜியைப் பூசினர். துளைகளை அடைத்து வேறிடத்தில் இட்டனர். நடுவே அறுத்து மூட்டும் வைத்தனர். கெடுக்கும் நோக்கம் அவர்களுக்கு இல்லை, வாசிக்கத்தக்கதாக்கவே செய்தனர். ஏட்டுச்சுவடியில் தமக்கு விளங்காத பாடத்தை 'பிழை' என்று திருத்தி எழுதிவிடும் பதிப்பாசிரியரை இவர்கள் நமக்கு நினைவூட்டுகிறார்கள். அங்கே வேறு படி கிடைத்தால் மூலபாடத்தை மீட்கலாம். குழலுக்கு வேறு படி இல்லை. பூசிய ஜியைச் சுரண்டி எடுத்துவிட்டாலும், அராவிய கணு மீள்வதில்லை.

எனினும் திருத்தியவரை மட்டும் பழித்தல் நேர்மையாகாது. 1871க்குப் பின் குழல் மேடையேறாதிருந்தால் அது அருங்காட்சியகப் பொருளாகியிருக்கக்கூடும். 1967இல் தகெமிட்சுவின் 'நவம்பர் ஸ்டெப்ஸ்' நியூயார்க் இசைக்குழுவோடு அரங்கேறியபோது யோகோயாமா கட்சுயாவின் சகுஹாச்சியை மேலையுலகம் கேட்டதும் அம்மேடை வாழ்வின் தொடர்ச்சியே. அதே நூற்றாண்டில் வதாசுமி தோசோ (1911-1992) உள்ளே பூச்சற்ற, கரடுமுரடான மூங்கிலையே கையிலெடுத்து, அதற்கு 'ஹோச்சிகு' என வேறு பெயரும் இட்டு ஊதினார். இன்று ஜிநாஷிக் குழல்களை விரும்பிச் செய்வோரும் கேட்போரும் ஜப்பானிலும் வெளியிலும் இருக்கின்றனர்.

அவர்கள் பழமையைக் கற்க எஞ்சியிருப்பவை, எவர் கையும் படாமல் தப்பிய குழல்களே. சுருதி சேராதவை என்று ஒதுக்கப்பட்டதால் அவற்றுள் சில தப்பியிருக்கவும் கூடும். ஒரு காலத்தின் செவிக்குக் குறையாகப் பட்டது, மற்றொரு காலத்திற்குச் சான்றாகி நிற்கிறது. பழம்பொருள் எதனையும் திருத்தக் கையெடுக்கும் முன், திருந்த வேண்டியது அப்பொருளா, நம் செவியா என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நமக்கும் நன்றன்றோ?