கச்சானும் காரும்: தன்னியக்க வளிச்சீராக்கத்தின் வரலாறு

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் ஒடுங்கிய நிலப்பரப்பில் அமைந்த ஊர்களுள் குருக்கள்மடமும் ஒன்று. ஆனி, ஆடி மாதங்களில் அப்பகுதியில் வீசும் கச்சானின் வெம்மையை அறியாதார் அங்கு இலர். தென்மேல் பருவக்காற்று மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைப் பொழிகின்றது. அப்போது நீராவி ஒடுங்குவதால் வெளிப்படும் மறைவெப்பம் வளியிலே தங்கிவிடுகின்றது. ஈரமிழந்த அவ்வளி கிழக்கே இறங்குங்கால் அமுக்கமுற்று மேலும் சூடேறிக் கச்சானாக வந்து சேர்கின்றது.

அவ்வூரின் ஊடாகச் செல்லும் கல்முனை வீதியில் கண்ணாடிகளை மூடிக்கொண்டு விரையும் காரினுள் குளிர்ச்சியைத் தருவதும் இதே இயற்கை விதிதான். பொறியிலுள்ள அமுக்கி குளிரூட்டும் வாயுவை அமுக்கிச் சூடாக்குகின்றது. வண்டியின் முன்புறத்து ஒடுக்கியில் அவ்வாயு தன் வெப்பத்தை வெளிவளிக்கு ஈந்து திரவமாகின்றது. பின்னர் விரிவு வால்வினூடாக அமுக்கம் குறைந்து ஆவியாக்கியை அடைந்து, உள்வளியின் வெப்பத்தை உறிஞ்சி மீண்டும் வாயுவாகின்றது. எனவே வெப்பம் அழிவதில்லை. உள்ளிருந்து வெளியே இடம் பெயர்கின்றது. இவ்வுண்மையை மனங்கொண்டே இதன் வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

வளிச்சீராக்கம் மனிதரின் சுகத்தின் பொருட்டுத் தோன்றியதன்று. 1902 ஆம் ஆண்டில் நியூயோர்க்கின் புரூக்ளினில் இருந்த அச்சகமொன்றில் ஈரப்பதனால் கடதாசி விரிந்து சுருங்க, வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாது போயின. அக்குறையைப் போக்கவே வில்லிஸ் கரியர் தமது பொறியை வகுத்தார். வெப்பத்தைத் தானாகக் கட்டுப்படுத்தும் எண்ணமோ இதனினும் பழையது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒல்லாந்தரான கோர்ணீலியஸ் டிரெபெல் தன் சூட்டைத் தானே சீர்செய்யும் உலையை அமைத்தார். 1883 இல் அமெரிக்க ஆசிரியரான வாரன் ஜோன்சன் மின்சார வெப்பநிலைச் சீராக்கிக்கு உரிமம் பெற்றார்.

இவ்விரு மரபுகளும் காரினுள் ஒன்றுசேர நெடுங்காலம் சென்றது. பக்கார்ட் நிறுவனம் 1940 ஆம் ஆண்டுக்குரிய வண்டிகளில் வளிச்சீராக்கியை அளித்தது. எனினும் அதன் குளிர்ச்சுருள் பொருட்பெட்டியின் இடத்தைக் கவர்ந்துகொண்டது. அமுக்கியை நிறுத்த வேண்டின் எஞ்சினை நிறுத்தி, அதன் பட்டியையே கழற்ற வேண்டியிருந்தது. குளிரூட்டத் தெரிந்த அப்பொறிக்கு, எவ்வளவு குளிரூட்டுவதென்பது தெரிந்திருக்கவில்லை.

அவ்வறிவு 1964 ஆம் ஆண்டுக்குரிய கடிலாக் வண்டிகளில் வந்தது. வெப்பநிலைக்கேற்ப மின்தடை மாறும் உணரிகள் உள்வளியின் நிலையையும் வெளிவளியின் நிலையையும் அறிவித்தன. அவற்றை ஓட்டுநர் விரும்பிய அளவோடு ஒப்பிட்டு, பொறி தானே இயங்கியது. பிற்காலத்தில் வெயிலின் உறைப்பை அறியும் உணரியும், யாவற்றையும் கணிக்கும் நுண்கணினியும் சேர்ந்தன. வளி முதலில் ஆவியாக்கியில் குளிர்ந்து ஈரமிழக்கின்றது. பின்னர் அதன் ஒரு பகுதி எஞ்சினின் சுடுநீர் ஓடும் குழாய்களைக் கடந்து மீண்டும் கலக்கின்றது. எப்பகுதி எவ்வழியே செல்வதென்பதைச் சிறு கதவொன்று தீர்மானிக்கின்றது. மார்கழி மாரியில் கண்ணாடியிற் படியும் புகார் விரைந்து நீங்குவதும் வளி இவ்வாறு ஈரமிழப்பதாலேயே.

எனினும் உணரிகள் யாவும் காரினுள் இருப்போரின் நலனுக்காகவே அளந்தன. குழாய்களிலிருந்தும் இணைப்புகளிலிருந்தும் கசிந்த குளோரோபுளோரோகாபன் வாயு எங்கே செல்கின்றதென எந்த உணரியும் வினவவில்லை. அவ்வினாவை எழுப்பியோர் அறிவியலாளரே. அவ்வாயுக்கள் மேல்வளியை அடைந்து ஓசோன் படையைச் சிதைக்கும் என மரியோ மொலினாவும் ஷெர்வூட் ரோலண்டும் 1974 இல் எடுத்துரைத்தனர். 1987 இல் மொன்றியல் உடன்படிக்கை கைச்சாத்தானது; 1989 இல் இலங்கையும் அதில் இணைந்தது. 1990 களின் நடுப்பகுதியளவில் புதிய கார்கள் ஓசோனைச் சிதைக்காத ஐதரோபுளோரோகாபனுக்கு மாறின. ஆயின் அதுவும் காபனீரொட்சைட்டைக் காட்டிலும் எடைக்கு எடை ஆயிரம் மடங்குக்கு மேல் புவியை வெப்பமாக்க வல்லதாகையால், அவ்வகை வாயுக்களைக் குறைக்க 2016 இல் கிகாலித் திருத்தம் செய்யப்பட்டது.

அளக்கப்பட்டதே ஆளப்பட்டது என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது. காரினுள் அளந்தபோது பயணிகளுக்குக் குளிர்ச்சி கிடைத்தது. வானத்தை அளந்தபோதே ஓசோன் படைக்குக் காவல் பிறந்தது. கச்சான் வீசும் நண்பகலில், மூடிய காரொன்று தன் வெப்பத்தை வீதியிலே சொரிந்து செல்கையில், அவ்வீதியிற் சைக்கிள் மிதிப்பவனும் பேருந்துக்கு நிற்பவளும் அதில் ஒரு பங்கை ஏற்கின்றனர். அவர்களையும் கணக்கிற் கொள்ளும் உணரி இன்னும் எந்தக் காரிலும் பொருத்தப்படவில்லை. அதனைப் பொருத்தும் பொறுப்பு பொறியியலாளருக்கு மட்டுமன்றி, சமூகத்தை ஆராயும் கலைத்துறை மாணவருக்கும் உரியதாகும்.