சேலம் வெண்பட்டு வேட்டி வந்த வழி

பட்டு வேட்டிக்கு ஆசைப்பட்டுக் கட்டியிருந்த கோவணத்தையும் பறிகொடுத்த கதை என்போம். வசதியான வாழ்வு என்றதும் நம் ஊரில் முதலில் நினைவுக்கு வந்தது அந்த வேட்டிதான். புவிசார் குறியீடு பெற்ற சேலம் வெண்பட்டு அதில் தலைசிறந்தது என்பேன்.

ராசிபுரம் ஏல மையத்துக்கு விவசாயிகள் பட்டுக்கூடு கொண்டுவருகிறார்கள். வாங்க வருகிறவர் கூட்டை விரலால் அழுத்தி ஓடு கெட்டியா என்று பார்க்கிறார். நான்கு முறை தோலுரித்து, ஏறக்குறைய 25 நாள் மல்பெரி இலை தின்ற புழு, சந்திரிகை என்னும் கூடு கட்டும் தட்டில் ஏறிக் கட்டிய கூடு அது. நல்ல கூடு ஒன்றில் 1,000 மீட்டர் வரை இழை உரியும்.

உரித்த நூல் அப்போதே பளபளப்பதில்லை. மேலே கோந்து படிந்து விறைப்பாக இருக்கும். மஞ்சள் கூட்டின் நிறமும் பெரும்பாலும் அந்தக் கோந்தில்தான் இருக்கிறது. சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் வேகவைத்தால் கோந்து கரைந்து, வெண்மையும் மென்மையும் வெளிப்படும். கூடவே எடையில் 20 முதல் 25 சதவீதம் போய்விடும். ஒரு கிலோவுக்குப் பணம் கொடுத்தவர் கையில் முக்கால் கிலோவும் கொஞ்சமும்தான் மிஞ்சும். வேட்டியின் விலையைக் கேட்டு மலைப்பவர்கள் இந்தக் கணக்கை அறிந்திருக்க வேண்டும்.

பிறகு சேலத்தின் அம்மாப்பேட்டை, பொன்னம்மாப்பேட்டை, குகைப் பகுதித் தறிகள். கலர்ச் சேலையில் சின்னக் கறை பூவேலைக்குள் மறைந்துபோகும். வெள்ளை வேட்டியில் ஒரு வியர்வைத் துளியும் காட்டிக்கொடுக்கும். அறுந்த இழையைப் பிணைத்த முடிச்சு தடித்தால் அதுவும் தெரியும். கரைக்குச் சரிகை சூரத்திலிருந்து வருகிறது. அசல் சரிகை என்றால் பட்டிழைமேல் வெள்ளிக் கம்பி சுற்றி, தங்க முலாம் பூசியிருப்பார்கள்.

சில துணிவகைகளைக் கைத்தறிக்கென ஒதுக்கிவைக்க 1985-ல் சட்டம் வந்தது. வேட்டியும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனாலும் பாலியஸ்டர் வேட்டி பட்டின் பெயரிலேயே கல்யாண வீடுகளுக்குள் நுழைந்துவிட்டது. விலை குறைவு என்று அதை வாங்குகிறவரைக் குறை சொல்ல மாட்டேன். பட்டு என்று சொல்லி விற்கிறவரைத்தான் மன்னிக்க முடியவில்லை. தறிக்காரரின் கூலியில் கைவைக்கும் பொய் அது. 2004 முதல் சில்க் மார்க் முத்திரை இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். ஓர் இழையை உருவிக் கொளுத்திப் பார்த்தாலும் தெரியும்: பட்டு, முடி கருகும் நாற்றம் அடித்து, விரலில் பொடியும் சாம்பலாகும், பாலியஸ்டர் உருகி மணியாக உறையும்.