ராஜபிளவையும் முதுகெலும்பும்

விராலிமலை என்றதும் நம் நினைவில் எழுவன மயில்களும், ஆறுமுகன் குன்றும், குறவஞ்சியும்தாம். அக்குன்றின் படிகளில் ஏறி இறங்குவோர் சொல்லும் முதுகுவலிக்கும் ஒரு வரலாறு உண்டு.

முந்தைய தலைமுறையினர் பெயர் சொல்லவே அஞ்சிய நோய் ராஜபிளவை. முதுகில் பல கண்களோடு வெடித்துச் சீழ் வடியும் அக்கட்டி நீரிழிவாளரையே பெரிதும் தாக்கிற்று. பிரமேகத்தில் தோன்றும் கட்டிகளைச் சுசுருத சங்கிதை தனியே வகுத்துரைப்பதால், இவ்வுறவு நெடுங்காலமாக அறியப்பட்டதே என்பதை உணர்கிறோம்.

அறியப்படாதது மற்றொன்று. பிளவையை உண்டாக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமி, குருதி வழியே சென்று முள்ளெலும்பையும் இடைத்தட்டையும் அரிக்கவல்லது. 1880களில் அக்கிருமிக்குப் பெயரிட்டவர் ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன். கட்டுக்கடங்காத சர்க்கரை வெள்ளணுக்களின் வலிமையைக் குறைப்பதால் கிருமிக்கு வழி எளிதாகிறது.

முதுகெலும்பில் சீழ் என்றால் நம் நாட்டில் முதலில் ஐயுறப்படுவது காசநோய். அதனால் நேரும் கூனையும் கால் செயலிழப்பையும் 1779இல் இலண்டனில் பெர்சிவல் பாட் விவரித்தார். 1956இல் சென்னையில் தோன்றிய காசநோய் மருந்தாய்வு மையம், பின்னாளில் முதுகெலும்புக் காசநோயருள் பெரும்பாலோரை மருந்தாலேயே குணப்படுத்தலாம் எனக் காட்டியது. நீரிழிவாளருக்கு இவ்விரு தொற்றுகளில் எதுவும் நேரலாம். மருந்தோ வேறு வேறு. குருதிச் சோதனை, எம்.ஆர்.ஐ., திசு ஆய்வு ஆகியவற்றாலேயே தேர்ந்தறிய இயலும்.

1922இல் இன்சுலின் மனிதருக்குப் பயன்பட்டது. விராலிமலையை உள்ளடக்கிய புதுக்கோட்டைத் தனியரசு இந்திய ஒன்றியத்தில் இணைந்த 1948ஆம் ஆண்டிலேயே, சென்னை ஸ்டான்லியில் மருத்துவர் எம். விசுவநாதன் நீரிழிவுக்கெனத் தனிப்பிரிவு தொடங்கினார். 1954இல் இராயபுரத்தில் தனி மருத்துவமனையும் கண்டார். ஆயினும் நோய் பெருகிற்று. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வின்படி, நாட்டில் நீரிழிவுற்றோர் சுமார் 10 கோடி.

ராஜபிளவை கண்ணுக்குத் தெரிந்தது. அஞ்சி வைத்தியரை நாடினர். உள்ளே கனியும் சீழோ, படியேறிய அலுப்பாகவும் சுமை தூக்கிய பிடிப்பாகவும் கருதப்பட்டுத் தைலத்தோடு வாரங்கள் கழிகின்றன. காய்ச்சல் இன்றியும் இது வரும். ஓய்விலும் இரவிலும் தணியாத வலி நீரிழிவாளருக்கு நேரின், அதை ஆராய்ந்தே தீரவேண்டும். கால் தளர்ந்தாலோ சிறுநீர் அடைத்தாலோ அன்றே மருத்துவமனை சேர்தல் வேண்டும். தண்டுவடம் நெடுநேரம் நசுங்கியபின் சீழை அகற்றினாலும் நடை மீளாமற் போகலாம். திருச்சி அருகிலேயே உள்ளது. 2017 முதல் புதுக்கோட்டையிலும் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. முன்னோர்க்கு இல்லாத மருந்தும் கருவியும் நமக்கு உண்டு. அவர்களுக்கிருந்த அச்சத்தில் சிறிதேனும் நமக்கு வேண்டும்.