நாட்கூலியிலிருந்து மணிக்கட்டணம் வரை

மலாயாவின் மின்சார வரலாறு ஈயச் சுரங்கமொன்றில் தொடங்குகிறது. 1894ஆம் ஆண்டு சிலாங்கூர் ரவாங்கில், லோக் யூவும் தம்புசாமி பிள்ளையும் சுரங்க நீரை இறைக்க மின்னாக்கி இயந்திரம் ஒன்றை நிறுவினர். மறு ஆண்டில் கோலாலம்பூர் இரயில் நிலையம் மின்னொளி கண்டது. அந்த ஒளி பரவப் பரவ, கம்பி இழுத்து விளக்கேற்றும் புதியதொரு தொழிலும் வளர்ந்தது. மக்கள் அவரை 'வயர்மேன்' என்றழைத்தனர். ஆனால், அவருடைய உழைப்பை எவ்வாறு அளப்பது?

அக்காலத் தமிழர் அறிந்திருந்த அளவுகோல் நாள் ஒன்றே. தோட்டத்தில் விடியற்காலைப் பிரட்டில் பெயர் பதிந்தவருக்கே அன்றைய கூலி. அந்தக் கூலியையும் அவர் நிர்ணயிக்கவில்லை. 1920களின் இறுதியில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என நாட்கூலியை வகுத்தது இந்தியக் குடியேற்றக் குழு. 1930இல் இரப்பர் விலை சரிந்தபோது அது 40 காசாகவும் 32 காசாகவும் குறைக்கப்பட்டது. உழைப்பவர் ஓரிடத்தில் இருக்க, உழைப்பின் விலை வேறோரிடத்தில் முடிவாயிற்று.

1949இல் மத்திய மின்சார வாரியம் அமைந்தது. 1965இல் அது தேசிய மின்சார வாரியமாயிற்று. நகர்ப்புற வீடுகளுக்கு மின்சாரம் வந்தது. தோட்டத்தை விட்டு நகருக்குக் குடிபெயர்ந்தவர்கள், பழுது பார்க்க ஒருவரைத் தாமே அழைக்க வேண்டியவராயினர். வந்தவர் ஐந்து நிமிடத்தில் குறையைக் கண்டு நீக்கினார், கட்டணம் கேட்டார். "ஐந்து நிமிட வேலைக்கு இவ்வளவா?" என்ற கேள்வி எழுந்தது. நாட்கூலியால் பழகிய மனம் எழுப்பிய கேள்வி அது.

அதற்கு விடை எளிய கணக்கில் உள்ளது. மாதம் 26 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்றால் மொத்தம் 208 மணி நேரம். தனித்துத் தொழில் செய்யும் மின்பணியாளர் அத்தனைக்கும் கட்டணம் பெற இயலுமா? பயணம், பொருள் வாங்குதல், விலை மதிப்பிடுதல், நிலுவை கேட்டு அலைதல் ஆகியவற்றில் பாதி நேரம் கழிவதாகக் கொள்வோம். எஞ்சுவது 104 மணி நேரம். குடும்பச் செலவு, வண்டி, கருவிகள், காப்புறுதி யாவற்றுக்கும் 4,160 வெள்ளி தேவையெனில், 208ஆல் வகுத்தால் மணிக்கு 20 வெள்ளி. 104ஆல் வகுத்தால் 40 வெள்ளி. அந்த இரட்டிப்பு பேராசையன்று. கண்ணுக்குத் தெரியாத உழைப்பின் விலை.

வருகைக் கட்டணமும் அத்தகையதே. வாசலில் வண்டி நிற்குமுன்பே பணியாளரின் ஒரு மணி நேரம் கழிந்திருக்கக்கூடும். பழுது சிறிதானாலும் பெரிதானாலும் அந்த நேரம் திரும்பி வாராது. தீபாவளிக்கு முந்திய இரவில் அழைத்தால் கட்டணம் உயர்வதும் இயல்பே. அந்த இரவு அவர் வீட்டிலும் பண்டிகை அன்றோ!

நேரத்தோடு பொறுப்பும் சேர்கிறது. 1990ஆம் ஆண்டின் மின் விநியோகச் சட்டத்தின்கீழ், கம்பி அமைப்பு வேலைக்குத் தகுதிச் சான்றிதழ் வேண்டும். வேலை முடிந்தபின் சோதனைச் சான்றில் கையொப்பமிடுபவர், அவ்வீட்டாரின் உயிருக்குப் பொறுப்பேற்கிறார். சட்டம் தகுதியை வரையறுத்தது. கட்டணத்தையோ இரு தரப்பாரின் பேச்சுக்கு விட்டது.

2013இல் நடப்புக்கு வந்த குறைந்தபட்ச ஊதிய ஆணை, தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளி என்றதோடு, மணிக்கு 4 வெள்ளி 33 காசு என்றும் வகுத்தது. ஊதியம் பெறுவோரின் ஒரு மணி நேரத்துக்கும் கீழெல்லை ஒன்று பிறந்தது. தனித்தொழில் செய்பவருக்கோ அந்த எல்லையும் இல்லை. அவரது கணக்கே அவருக்குக் காவல்.

ஆகவே, பெட்டியைத் திறக்குமுன் கட்டணத்தைத் தெளிவாகச் சொல்வது பணியாளரின் கடமை. "நம்மவர்தானே, குறைத்துக்கொள்ளக்கூடாதா?" என்று கேட்குமுன் அவரது கணக்கை எண்ணிப் பார்ப்பது அழைத்தவரின் கடமை. பாட்டன் கூலியைப் பிறர் எழுதினர்; பேரன் தன் விலையைத் தானே சொல்கிறான். அவ்வுரிமை ஒரு தலைமுறையில் வந்ததன்று. அதைப் பேரம் பேசியே தேய்த்துவிடலாகாது.