தாது வருஷப் பஞ்சம் – 14: ஒரு ராத்தல் அரிசி

டில்லி தர்பார் முடிந்து கவர்னர் பக்கிங்ஹாம் பிரபு சென்னைக்குத் திரும்பிய இடத்தில் சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். இந்த வாரம் வைஸ்ராய் லிட்டன் சென்னை வந்து இறங்கிய கதை என்று வாக்குக் கொடுத்திருந்தேன். ஆனால் லிட்டன் வருவது 1877 ஆகஸ்ட் கடைசியில். அதற்கு முன்பே, ஜனவரியிலேயே, தன் பிரதிநிதியாக ஒருவரை அனுப்பிவிட்டார். சர் ரிச்சர்ட் டெம்பிள். ஒரு பத்தியில் இவரை முடித்துவிட்டு லிட்டனிடம் போய்விடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆள் நகர மறுக்கிறார்.

முதலில் மீசை. மெழுகு பூசி முறுக்கி, இரண்டு பக்கமும் நீட்டிவிட்ட மீசை. லண்டன் கேலிச்சித்திரக்காரர்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. அடுத்து குதிரை. ஒரு ஜில்லாவைப் பார்வையிட மற்ற சிவிலியன்கள் ஒரு வாரம் எடுத்தால், டெம்பிள் அதைச் சவாரியிலேயே முடித்துவிட்டு அடுத்த ஜில்லாவில் நிற்பார். கூடவே தூரிகையும் வண்ணப்பெட்டியும். போகிற இடமெல்லாம் நீர்வண்ண ஓவியம் தீட்டுவார். பஞ்சாபில் ஜான் லாரன்ஸிடம் தொழில் கற்று, நாக்பூரில் சீஃப் கமிஷனராகி, ஹைதராபாத்தில் ரெசிடெண்டாக இருந்து, கல்கத்தாவில் நிதி மெம்பராகி, வங்காளத்துக்கு லெப்டினன்ட் கவர்னரும் ஆனவர். எந்த எஜமானுக்கும் ஏற்றபடி வேலை செய்யத் தெரிந்தவர். இந்தக் கடைசிக் குணத்தை மட்டும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அவரைப் புரிந்துகொள்ள ஒரிஸாவுக்கு ஒரு நடை போய்வர வேண்டும். 1866. மழை பொய்த்து, நெல் போய், கட்டாக், பூரி பக்கமெல்லாம் ஜனங்கள் சாகத் தொடங்கியிருந்த நேரம். கமிஷனர் ரேவன்ஷா. ஆரம்பத்தில் அவருக்கே நிலைமை பிடிபடவில்லை. வியாபாரிகள் நெல்லைப் பதுக்கி வைத்திருக்கிறார்கள், விலை ஏறினால் வெளியே வரும் என்று நம்பினார். பிறகு கண் திறந்து, அரிசி இறக்க அனுமதி கேட்டுத் தந்தி அடித்தார். அரசு அரிசி இறக்காது, சந்தைக்குத் தேவையானால் அரிசி தானாக வந்து சேரும் என்ற ரீதியில் கல்கத்தாவிலிருந்து பதில் வந்தது. பருவமழை தொடங்கிக் கடல் கொந்தளித்த பிறகு, வேறு வழியில்லாமல் கப்பலில் அரிசி அனுப்பினார்கள். கரையில் இறக்கவும் முடியவில்லை, உள்ளே கொண்டுபோகவும் முடியவில்லை. சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள். ரேவன்ஷா பெயரில் கட்டாக்கில் இன்றும் கல்வி நிலையம் இருக்கிறது. அந்தத் தந்திக்குப் பதில் எழுதியவரின் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

ஒரிஸா சாவுகள் லண்டன் வரை உறுத்தின. ஏழு வருஷம் கழித்து பீகாரில் மழை தவறியபோது, வைஸ்ராய் நார்த்புரூக் இன்னொரு ஒரிஸா தன் காலத்தில் நடக்கக் கூடாது என்று முடிவெடுத்து, பொறுப்பை டெம்பிளிடம் கொடுத்தார். டெம்பிள் குதிரையேறினார். பர்மாவிலிருந்து ஏறத்தாழ நாலரை லட்சம் டன் அரிசி வாங்கினார்கள். மாட்டு வண்டிகளைத் திரட்டி, தற்காலிக ரயில் பாதை போட்டு, கிராமம் கிராமமாக அரிசி போயிற்று. யாருக்கு நிவாரணம் என்று நிர்ணயிப்பதில் கஞ்சத்தனம் இல்லை. பட்டினியால் இறந்தவர்கள் என்று சர்க்கார் கணக்கில் ஏறியவர்கள் 23 பேர். அந்தக் கணக்கு எவ்வளவு கறார் என்று வாதிடலாம். பெருஞ்சாவு நிகழவில்லை என்பதில் தகராறு இல்லை. வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் பஞ்சத்தை உண்மையாக எதிர்கொண்டது அந்த ஒருமுறைதான் என்று நான் சொல்வேன். எதிர்கொண்டவர் இதே டெம்பிள்.

இதற்கு அவருக்கு என்ன கிடைத்தது? திட்டு. கடைசியில் சுமார் ஒரு லட்சம் டன் அரிசி மிஞ்சி, அதை நஷ்டத்துக்கு விற்க வேண்டியிருந்தது. செலவு ஆறரை மில்லியன் பவுண்டு. இந்தியர்களை உயிரோடு வைத்திருப்பது அரசின் வேலை என்று நினைக்க வைத்துவிட்டார் என்று லண்டன் ‘எக்கனாமிஸ்ட்’ கடிந்துகொண்டது. சிவிலியன் வட்டாரத்திலும் ஊதாரி என்ற பெயர். உயிர் பிழைத்தவர்களுக்குத் தலையங்கம் எழுதத் தெரியாது. மிஞ்சிய அரிசி மட்டும் எல்லார் கண்ணிலும் பட்டது.

அந்த வடு ஆறுவதற்குள்தான் லிட்டன் அழைக்கிறார். சென்னை அரசு அள்ளி இறைக்கிறது, போய்க் கட்டுப்படுத்துங்கள் என்று. சென்னை அரசு அப்படி என்ன செய்துவிட்டது என்பது நம் வாசகர்களுக்குத் தெரியும்: ஆர்பத்நாட் கம்பெனி மூலம் ரகசியமாக 30,000 டன் தானியம் வாங்கச் சொன்ன விவகாரத்தை 11ஆம் வாரம் பார்த்தோம். லிட்டனின் கணக்கு நுட்பமானது. ஊதாரி என்று பெயர் எடுத்தவனை அனுப்பினால், சிக்கனக்காரன் என்று நிரூபிக்க அவன் எந்த அளவுக்கும் போவான். டெம்பிள் போனார்.

பல்லாரி, கர்நூல், கடப்பை என்று வழக்கமான வேகத்தில் சுற்றினார். போன இடமெல்லாம் நிவாரண வேலையில் தேவைக்கு மேல் ஆட்கள் இருப்பதாகக் குறிப்பு எழுதினார். ஆயிரக்கணக்கில் பெயர்களை அடித்தார்கள். வேலை கேட்பவர் வீட்டிலிருந்து பத்து மைலுக்கு அப்பால் உள்ள இடத்துக்குப் போக வேண்டும் என்று ஒரு சோதனை. எல்லாவற்றுக்கும் மேலே அந்தப் புகழ்பெற்ற கூலி: நாள் முழுக்க வேலை செய்யும் ஆணுக்கு ஒரு ராத்தல் தானியத்தின் விலையும் ஓர் அணாவும். அதுவரை ஒன்றரை ராத்தல் கணக்கில் கொடுத்துவந்தார்கள்.

ஒரு ராத்தல் என்றால் 450 கிராம் சொச்சம். நம் அளவில் மூன்று ஆழாக்கும் கொஞ்சமும். இன்றைய கணக்கில் சுமார் 1,600 கலோரி. இதைத் தின்றுவிட்டுச் சித்திரை வெயிலில் சாலைக்குக் கல்லுடைக்க வேண்டும், ஏரிக்கரைக்கு மண் சுமக்க வேண்டும். அந்த ஓர் அணாவில் உப்பு, மிளகாய், விறகு, பருப்பு எல்லாம். வீட்டில் கிடக்கும் கிழவிக்கும் அதிலேதான் பங்கு. உயிர் போகாமல் காக்க எவ்வளவு குறைவாகச் செலவழிக்க முடியுமோ அவ்வளவே செலவழிக்க வேண்டும், மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான் என்ற பொருளில் டெம்பிள் கோப்பில் எழுதினார். மூன்று வருஷத்துக்கு முன் பீகாருக்கு அரிசி மூட்டை மூட்டையாக அனுப்பிய அதே கை.

டெம்பிள் கெட்டவரா? இல்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. கெட்டவராக இருந்திருந்தால் பீகார் பிழைத்திருக்காது. எது சரி என்று அவருக்குத் தெரியும், செய்தும் காட்டியவர். சரியானதைச் செய்ததற்காக ஒருமுறை வாங்கிய அடியை இரண்டாம் முறை வாங்கத் தயாராக இல்லை, அவ்வளவுதான். முதல் முறை நல்லது செய்ய மனசு இருந்தால் போதும். திட்டு வாங்கிய பிறகும் அதையே செய்ய மனசு மட்டும் போதாது. மேலிடத்தின் முகத்தைப் பார்க்காமல் கோப்பில் கையெழுத்துப் போடத் தெரிய வேண்டும்.

அது தெரிந்த ஒருவர் சென்னையில் இருந்தார். குதிரைச் சவாரி, மீசை, ஓவியம் என்று பேர் வாங்கியவர் அல்ல. டாக்டர் கார்னிஷ், சென்னை மாகாண சானிட்டரி கமிஷனர். 1871ஆம் வருஷ மக்கள்தொகைக் கணக்கு அறிக்கையை எழுதியவரும் அவரே. மாகாணத்தில் எத்தனை தலை என்று எண்ணியவருக்கு எத்தனை குறைகிறது என்பதும் கண்ணில் படும்தானே. ஒரு ராத்தல் போதாது, குறைந்தது ஒன்றரை ராத்தலும் பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று எழுதினார். சிறைக் கைதிக்கே இதைவிட அதிகம் கொடுக்கிறோமே என்று கேட்டார். ஏற்கெனவே பல மாதம் அரைவயிற்றோடு இருந்து வந்தவனையும் நல்ல உடம்புக்காரனையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது என்றார். டெம்பிள் பதில் எழுத, இவர் மறுபதில் எழுத, பத்திரிகைகளில் அது அடிபட, ‘மெட்ராஸ் டைம்ஸ்’ ஆசிரியர் டிக்பி கார்னிஷ் பக்கம் சாய்ந்தார். இந்தியாவின் வைஸ்ராயுடைய பிரதிநிதியை ஒரு மாகாண டாக்டர் எதிர்த்து எழுதுவது அந்தக் காலத்துச் சர்க்காரில் எவ்வளவு பெரிய விஷயம் என்பதைச் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவர்கள் அறிவார்கள். கார்னிஷ் கோஷம் போடவில்லை, ராஜினாமாக் கடிதமும் நீட்டவில்லை. தன் மேஜைக்கு வந்த எண்களைத் தன் இலாகா மொழியிலேயே எழுதி, திரும்பத் திரும்ப மேலே அனுப்பிக்கொண்டிருந்தார்.

1877 கோடை முடிவதற்குள் சென்னை அரசு இறங்கிவந்தது. ஒன்றேகால் ராத்தலும் கொஞ்சம் பருப்பும். கார்னிஷ் கேட்ட உயர்வில் பாதிதான். டெம்பிள் அதற்குள் பம்பாய் கவர்னராகப் போய்விட்டார். சிக்கனத்துக்கான பரிசு என்று ஊரில் பேசிக்கொண்டால் ஆச்சரியமில்லை. அந்தக் கூலி ஏற்றமும் பலருக்குத் தாமதம். அந்த வருஷமும் தென்மேற்குப் பருவமழை ஏமாற்றியது; பின்னால் மழை வந்தபோது கூடவே காய்ச்சல் வந்தது. சேலம் ஜில்லாவில் 1871இல் 19 லட்சத்து 67 ஆயிரம் பேர் இருந்தார்கள். 1881இல் சுமார் 16 லட்சம்.

பஞ்சத்துக்குப் பிறகு கமிஷன் போட்டு, 1880இல் அறிக்கை வந்து, அதிலிருந்து பஞ்ச நிவாரண விதிகள் பிறந்தன. நிவாரணக் கூலி உடம்பு தாங்கும் அளவுக்கு இருக்க வேண்டும் என்பது சட்டப்புத்தகம் ஏறியது. கார்னிஷ் பின்னாளில் சென்னையின் சர்ஜன் ஜெனரல் ஆனார். டெம்பிள் இங்கிலாந்து போய்ப் பாராளுமன்ற உறுப்பினராகி, நினைவுக் குறிப்புகளும் எழுதினார். இருவருமே கௌரவமாக ஓய்வு பெற்றார்கள். அதனால்தான் சொல்கிறேன், கார்னிஷ் செய்ததைச் செய்ய டெம்பிளுக்கு அப்படியொன்றும் பெரிய விலை கேட்டிருக்க மாட்டார்கள். கல்கத்தா கிளப்பில் நாலு பேர் முணுமுணுத்திருப்பார்கள். பம்பாய் கவர்னர் பதவி வேறு யாருக்காவது போயிருக்கும். வெள்ளத்திலும் புயலிலும் இன்றும் கோப்பை வைத்துக்கொண்டு மேலிடத்து உத்தரவுக்குக் காத்திருப்பவர்கள், தாங்கள் எதை இழக்கப் பயப்படுகிறோம் என்று ஒருமுறை பட்டியல் போட்டுப் பார்க்கலாம். பெரும்பாலும் ஒரு டிரான்ஸ்ஃபர்தான் தேறும்.

லிட்டன் அடுத்த வாரம் கட்டாயம் வருகிறார். நிவாரண முகாம்களைப் பார்த்துவிட்டு, அவை உல்லாசப் பயணம் போல் இருப்பதாகவும் அங்கே இருப்பவர்கள் கொழுத்துக் கிடப்பதாகவும் மனைவிக்குக் கடிதம் எழுதிய கவிஞர் அவர். அவருக்கு ஒரு முழு வாரம் தேவைப்படும்.

(தொடரும்)