சுகர் ‘பார்டர்’ல இருக்கா? அப்போ இதைப் படிங்க!

ஃபாஸ்டிங் சுகர் 112-ன்னு ரிப்போர்ட் வரும். “பார்டர்லதான் இருக்கு, பயப்படாதே” என்பார்கள் வீட்டில். பயப்பட வேண்டாம்தான். ஆனா, அந்த 112 நார்மல் கிடையாது பாஸ்!

குறைந்தது 8 மணி நேரம் சாப்பிடாமல் (தண்ணீர் ஓகே, காபி கூடாது) எடுத்த டெஸ்ட்டில் 100-க்குள் இருந்தால்தான் நார்மல். 100 முதல் 125 வரை ப்ரீ-டயாபட்டீஸ். 126-ஐத் தொட்டால் சர்க்கரை நோய். அதையும், அறிகுறி எதுவும் இல்லாதபட்சத்தில் இன்னொரு டெஸ்ட் எடுத்துத்தான் உறுதி செய்வார்கள்.

டெஸ்ட்டுக்கு முந்தைய ரெண்டு நாள் மட்டும் ஸ்வீட்டைத் தொடாமல் இருக்கும் கில்லாடியா நீங்க? ஹெச்பிஏ1சி டெஸ்ட்டிடம் அது செல்லாது. ரத்தச் சிவப்பணுக்களில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை வைத்து, கடந்த 2-3 மாத சராசரியைச் சொல்லிவிடும். 5.7 சதவிகிதத்துக்குக் கீழே நார்மல், 6.5-லிருந்து சர்க்கரை நோய். இடைப்பட்டது உங்க ‘பார்டர்’. ரத்தசோகை இருந்தால் இந்த எண் தப்பாகக் காட்டலாம் என்பதால், அதை டாக்டரிடம் முன்பே சொல்லிடுங்க.

நல்ல செய்தி, பார்டரிலிருந்து திரும்பி வர முடியும். சென்னை டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழு 2006-ல் வெளியிட்ட ஆய்வில், உடற்பயிற்சியும் உணவு மாற்றமும் மட்டுமே சர்க்கரை நோய் வரும் வாய்ப்பைச் சுமார் 28 சதவிகிதம் குறைத்தன. கூடவே மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்தவர்களுக்கு அதைவிடக் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. தினமும் அரை மணி நேரம் வேகமா நடங்க. தட்டில் சோற்றைக் குறைச்சு, காயைக் கூட்டுங்க. வருஷத்துக்கு ஒருமுறையாவது மறுபடி டெஸ்ட் எடுங்க.